கங்காணியின் எட்டுத் தொழில்கள்

சிறு வணிகம் நடத்துவோருக்கு இன்றைய மேலாண்மை நூல்கள் தவறாமல் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் செய்ய முற்படாதே, உனக்கு நன்றாக வருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடு என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைவிடப்படும் சேவைகள் எங்கே போகின்றன, அவற்றை நம்பியிருந்தவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கு அந்நூல்களில் பதில் இருப்பதில்லை.

அந்தப் பதிலைத் தேடுவோருக்கு இலங்கையின் மலைநாட்டு வரலாற்றில் ஒரு முழுமையான உதாரணம் கிடைக்கிறது. எட்டுத் தொழில்களை ஒரே ஆளாகச் செய்த ஒருவர், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலத்தில் ஒவ்வொன்றாக ஏழையும் இழந்து, ஒன்றோடு மட்டும் நின்றுவிட்ட கதை அது. அவர் பெயர் கங்காணி.

தமிழகத்து வாசகர்களில் பலர் கங்காணியை அறிந்தது 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘பரதேசி’ திரைப்படத்தின் வழியாக இருக்கலாம். அல்லது அதற்கு மூலமான பி.எச். டேனியலின் நாவல், ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழில் வந்தபோது படித்திருக்கலாம். அவை ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றியவை. இலங்கைக் கங்காணி அவரை விடப் பெரிய மனிதர். அதிகாரத்திலும் வருமானத்திலும் மட்டுமன்றி, அவர் விற்ற சேவைகளின் எண்ணிக்கையிலும் பெரியவர்.

ஹல்துமுல்லை வழி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிகுல் ஓயா வழியாக ஊவாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் பெரகலைச் சந்திக்குச் சற்று முன்னே வரும் சிறிய ஊர் ஹல்துமுல்லை. அப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவில் அது அமைந்திருக்கிறது. ஊரிலிருந்து பார்த்தால் கீழே தென்சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டையொன்றின் இடிபாடுகள் அருகே காணப்படுகின்றன. ஊவாவுக்குள் நுழையும் கணவாயைக் காப்பது அக்காலத்திலேயே முக்கியமாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இல்தான். அதற்கு முந்திய காலத்தில் ஊவாவின் கோப்பி மாட்டு வண்டிகளில் இவ்வழியாகவே இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களுகங்கையில் படகேறிக் கடற்கரைக்குச் சென்றது. அரிசியும் ஆட்களும் எதிர்த்திசையில் மலையேறின.

ஊவாவுக்கு இன்னொரு சோகமான பெருமையும் உண்டு. கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869ஆம் ஆண்டில், இம்மாகாணத்தின் மடுல்சீமைப் பகுதியில்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் சரிந்தது; அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பிக்குப் பெருமளவில் ஆள் தேவைப்பட்டது பறிக்கும் பருவத்தில் மட்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து திரும்பிய கூட்டம் வந்து தங்கிய கூட்டமாக மாறியதற்கு இதுவே அடிப்படைக் காரணம். கங்காணியின் வணிகம் உச்சத்தை அடைந்ததும் இந்த மாற்றத்தின் போதே.

எட்டுத் தொழில்கள் எவை?

கங்காணியை வெறும் மேற்பார்வையாளர் என்று எண்ணுவது பெரும் பிழை. அவரை ஒரு சிறு நிறுவனமாகவே காணவேண்டும். அந்நிறுவனம் ஒரே சமயத்தில் இரண்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்தது. ஒருவர் தோட்டத்துத் துரை. மற்றவர் தொழிலாளி.

முதலாவது, ஆள்சேர்த்தல். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலுள்ள தமது ஊருக்கும் அயலூர்களுக்கும் சென்று உறவினர்களையும் ஏழைக் குடும்பங்களையும் திரட்டுவது. இரண்டாவது, வழிநடத்தல். கடல் கடந்து, காட்டுப் பாதையில் நடந்து, ஆட்களைத் தோட்டம் வரை கொண்டுவந்து சேர்ப்பது. மூன்றாவது, கடன் கொடுத்தல். ஊரிலுள்ள பழைய கடனை அடைக்கவும் வழிச் செலவுக்கும் துணிமணிக்கும் கம்பளிக்கும் முன்பணம் தருவது. நான்காவது, கூலியைப் பெற்றுப் பங்கிடுதல். ஐந்தாவது, பலசரக்கு. பல தோட்டங்களில் கடை கங்காணியுடையதாகவோ அவருடைய உறவினருடையதாகவோ இருந்தது. ஆறாவது, வேலை வாங்குதல். ஏழாவது, துபாஷ் வேலை. துரையின் கட்டளையைத் தொழிலாளிக்கும், தொழிலாளியின் குறையைத் துரைக்கும் எடுத்துச் சொல்லும் ஒரே வாய் அவருடையது. எட்டாவது, நாட்டாண்மை. கலியாணம், சாவு, குடும்பச் சண்டை, கோயில் திருவிழா ஆகிய அனைத்திலும் இறுதிச் சொல் அவருடையதாக இருந்தது.

இவற்றில் சேவை எது, சுரண்டல் எது என்று பிரிப்பது எளிதன்று. முன்பணம் இல்லாமல் ஒரு ஏழைக் குடும்பம் கடல் கடக்க முடியாது. ஆகவே அது சேவை. அதே முன்பணத்தின் கணக்கு எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளியின் பேரில் ஆண்டுதோறும் வளர்ந்தது. ஆகவே அது விலங்கு. ஒரே செயலின் இரு முகங்கள் இவை.

பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் பலர் இருந்தனர். பெரும்பாலும் ஒவ்வொரு சில்லறைக் கங்காணியும் தமது உறவுக்குள்ளோ சாதிக்குள்ளோ திரட்டிய சிறு குழுவுக்குத் தலைவர். அவர்கள் பெரிய கங்காணிக்குக் கடமைப்பட்டவர்கள். பெரிய கங்காணி துரைக்குக் கடமைப்பட்டவர். துரையோ கொழும்பிலுள்ள முகவர் நிறுவனத்துக்குக் கடமைப்பட்டவர். கடன் என்பது மேலிருந்து கீழாக, கொழும்பு வங்கியிலிருந்து லயத்து அறை வரை, இறங்கிவரும் ஒரு சங்கிலியாக இருந்தது.

வருமானமும் பலவகை. பிரட்டுக்களத்தில் காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் போகும் ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்குச் சில சதங்கள் வீதம் தோட்டம் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தது. சில்லறைக் கங்காணிக்கும் பென்ஸ் காசு என்ற பெயரில் ஒரு சிறுதொகை கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்திருந்த பெரிய கங்காணிக்கு இந்தச் சில்லறையே பெரும் பணமாயிற்று. கடனுக்கு ஏற்றிய தொகையும் கடை இலாபமும் இதற்கு மேல் சேர்ந்தன. இவ்வாறு பொருள் சேர்த்த சிலர் பிற்காலத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையா கங்காணியாகத் தொழில் செய்து, இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரானவர் என்பது பலரும் அறிந்த வரலாறு.

துண்டு என்ற காகிதம்

எட்டுத் தொழில்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த கயிறு ஒரு சிறு காகிதம். அதற்குத் துண்டு என்று பெயர்.

சட்டப்படி இலங்கைத் தோட்டத் தொழிலாளி ஒப்பந்த அடிமை அல்லர். பிஜிக்கும் நேட்டாலுக்கும் மொரிசியசுக்கும் சென்றவர்களைப் போல ஐந்து ஆண்டுப் பத்திரத்தில் அவர் கைநாட்டு வைக்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் மாத ஒப்பந்தமே. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் ஒப்பந்தத்தை மீறுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முறைப்படி விலக விரும்பியவருக்கும் கடன் குறுக்கே நின்றது.

குறிப்பிட்ட தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்குச் சென்று, அங்குள்ள துரையிடம் கூடுதலான முன்பணம் பெற்று, பழைய கடனைக் கட்டிவிட்டு, எஞ்சியதைத் தம் மடியில் முடிந்துகொள்ளலாம். புதிய கடன் முழுவதும் ஆட்களின் கணக்கில் ஏறியது. அவர்கள் கையில் ஒரு சதமும் வராமலே அவர்களுடைய கடன் வளர்ந்தது. ஆள் பற்றாக்குறைக் காலங்களில் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கங்காணிகளை இழுத்தன. தமக்குத் தெரியாமலே ஒரு விலைச்சீட்டைச் சுமந்தபடி ஒரு கூட்டம் மலையிலிருந்து மலைக்கு நடந்தது.

இதே காலத்தில் மலாயாவிலும் கங்காணிகள் இருந்தனர். ஆனால் அங்கே 1907ஆம் ஆண்டிலேயே தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அந்நிதிக்கு வரி செலுத்தவேண்டும். வழிச்செலவை நிதி ஏற்கும். வந்து சேரும் தொழிலாளி அக்கடனைச் சுமக்கவேண்டியதில்லை. ஆள்சேர்க்கும் தொழிலையும் கடன்கொடுக்கும் தொழிலையும் மலாயா இவ்வாறு பிரித்துவிட்டது. இலங்கையில் இரண்டும் பிரிவதற்கு மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. மலாயாக் கங்காணி பெரும்பாலும் சிறு குழுவை அழைத்துவந்தவர். இலங்கைப் பெரிய கங்காணியோ ஆட்களையும் கடனையும் அதிகாரத்தையும் ஒருசேர வைத்திருந்த ஒரு மொத்த வணிகர். அவரைப் பகைத்துக்கொண்டால் ஒரே இரவில் தோட்டமே காலியாகிவிடும் என்று துரைமார் அஞ்சினர்.

ஒவ்வொன்றாகக் கழன்ற தொழில்கள்

முதலில் அசைந்தது ஆள்சேர்க்கும் தொழில். தோட்டத்துரைமார் சங்கம் 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவியது. கங்காணிகள் அதன் பின்னரும் ஊருக்குச் சென்றனர். ஆனால் அவர்களுடைய செலவையும் நடவடிக்கையையும் கண்காணிக்கும் அலுவலகம் ஒன்று அவர்களுடைய சொந்த மாவட்டத்திலேயே அமர்ந்துவிட்டது.

அடுத்து வழிநடத்தும் தொழில் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தொழிலாளி பயணம் செய்வார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். மனிதரைச் சரக்கு மூட்டைபோலக் கருதிய முறை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கங்காணியின் தயவு இல்லாமல் பயணம் செய்ய முடியும் என்பதையும் இதுவே முதலில் நிறுவியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதக் கப்பல் சேவை தொடங்கியது. மண்டபம் முகாமிலிருந்து தோட்டத்துக்கு மிக அருகிலுள்ள நிலையம் வரை பயணம் ஒழுங்குபடுத்தப்பட்டபின், காட்டுப்பாதையில் வழிகாட்டியவருக்கு வேலை இல்லாமற் போயிற்று.

கடன் தொழிலே எல்லாவற்றுக்கும் ஆணிவேர். அதை அசைப்பதற்கு இரு கரைகளிலிருந்தும் அழுத்தம் தேவைப்பட்டது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற இந்தியத் தொழிலாளரின் நிலையை மார்ஜொரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் ஆராய்ந்து அளித்த அறிக்கை 1917இல் வெளிவந்தது. கொழும்பில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை 1919இல் அமைத்து, வேலையை விட்டவரைச் சிறையில் அடைக்கும் சட்டத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒப்பந்த மீறலுக்கான குற்றவியல் தண்டனையையும் நீக்கியது.

இந்திய அரசின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம் அடுத்த அடியைக் கொடுத்தது. அதற்கேற்ப இலங்கை 1923இல் 1ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. பொதுநிதி ஒன்று அமைக்கப்பட்டது. ஆள்சேர்க்கவும் அழைத்துவரவும் ஆகும் செலவை அந்நிதியே ஏற்றது. அதைத் தொழிலாளியிடம் அறவிட முடியாது என்றாயிற்று. கண்டியில் இந்திய அரசின் முகவர் அமர்ந்தார். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரே வாயாக இருந்த கங்காணிக்கு அருகில், முறைப்பாடு கேட்கும் வேறொரு காது வந்துவிட்டது.

கூலியைப் பங்கிடும் தொழிலும் இவ்வாறே மெல்ல நழுவியது. கோப்பிக் காலத்தில் கூலி பல மாதம் நிலுவையில் நிற்பது வழக்கமாக இருந்தது. 1889, 1909 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் கொடுப்பனவை ஒழுங்குபடுத்த முயன்றன. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், கூலியின் அளவைக் கங்காணியும் துரையும் பேசி முடிக்கும் விவகாரம் என்ற நிலையிலிருந்து எடுத்துவிட்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதத்தின்படி, மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தோட்டம் வழங்கும் அரிசிக்கும் புசல் ஒன்றுக்கு 4 ரூபாய் 80 சதம் என உச்சவிலை விதிக்கப்பட்டது. கங்காணிக் கடையின் கணக்கில் விழுந்த முதல் பெரிய வெட்டு இது.

1930களின் உலகப் பொருளாதார மந்தம் ஆள்சேர்ப்பை ஏறக்குறைய நிறுத்தியது. 1933இல் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வேலையிழந்து ஊருக்குத் திரும்பியவர் பலர். 1939 ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு முற்றாகத் தடைசெய்தது. ஆள்சேர்ப்பு என்ற முதலாவது தொழில் அன்றோடு முடிந்தது.

எஞ்சியவை துபாஷ் வேலையும் நாட்டாண்மையும். அவற்றைப் பறித்தது அரசாங்கம் அல்ல, தொழிற்சங்கம். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென அமைத்த சங்கத்துக்குத் துரைமாரைப் போலவே பெரிய கங்காணிகளும் எதிரிகளாக நின்றதில் வியப்பில்லை. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரசும், அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் தோன்றின. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிர்நீத்தார். அவ்வாண்டு எழுந்த வேலைநிறுத்த அலை ஊவாவை அடைந்தபோது மேலும் தீவிரம் பெற்றது. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் மே மாதம் தொழிலாளர்கள் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அக்குழுவோடு கலந்தே தோட்டத்தை நடத்தவேண்டும் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தனர். ஆயுதம் தாங்கி வந்த பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பறித்தனர் என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. கங்காணியின் வாய் வழியாகவே பேசிவந்த மக்கள், தாமே தேர்ந்தெடுத்தவர் மூலம் துரையோடு நேருக்கு நேர் பேசிய தருணம் அது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். கங்காணிகள் இந்த மாற்றத்தில் அழிந்துவிடவில்லை. கல்வியும் நிலமும் பெற்ற கங்காணிக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பலர் சங்கத்தின் மேடையில் ஏறினர். தொழில் மாறியது, சில குடும்பங்களின் தலைமை மாறவில்லை.

லிப்டனின் வழி வேறு

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள மலைகளில் இதற்கு நேர்மாறான இன்னொரு வணிகக் கதை நடந்தது. 1871இல் கிளாஸ்கோ நகரில் பலசரக்குக் கடை திறந்து, பன்றியிறைச்சியும் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்றவர் தோமஸ் லிப்டன். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்னை, மொனராக்கந்தை, லேமஸ்தோட்டை முதலிய தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை இன்றும் அங்கே நிற்கிறது. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவருடைய விளம்பரம். இடைத்தரகர்களை நீக்கிவிட்டு எல்லாத் தொழில்களையும் தாமே செய்வது அவருடைய வெற்றியின் இரகசியம்.

லிப்டன் எல்லாவற்றையும் தம் கையில் வைத்திருந்தார். அதே மலையில் கங்காணியும் எல்லாவற்றையும் தம் கையில் வைத்திருந்தார். ஒருவர் தேயிலையில், மற்றவர் மனிதரில். லிப்டன் என்ற பெயர் கைமாறிக் கைமாறி யுனிலீவர் நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனம் 2022இல் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்றுவிட்டது. பல பொருள் விற்கும் பெருநிறுவனம் தனக்கு இலாபம் குறைந்த ஒன்றைக் கழற்றிவிட்டது, அவ்வளவுதான். பெருநிறுவனம் தானாக விரும்பிச் சுருங்குகிறது. கங்காணியைச் சுருக்குவதற்கோ சட்டங்களும் வேலைநிறுத்தங்களும் உயிர்ப்பலியும் தேவைப்பட்டன.

யாரும் எடுத்துக்கொள்ளாத தொழில்கள்

கங்காணியின் அதிகாரம் சுருங்கியது நீதியான மாற்றம். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் நீக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலும் பொறுப்புள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டதா என்று பார்க்கும்போது கணக்கு சரியாக வரவில்லை.

பயணச்செலவைப் பொதுநிதி எடுத்துக்கொண்டது. ஊதியத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது. குறையைப் பேசும் உரிமையைச் சங்கம் எடுத்துக்கொண்டது. இம்மூன்றிலும் தொழிலாளி நிமிர்ந்தார். கடனை யார் எடுத்துக்கொண்டார்கள்? கலியாணத்துக்கும் சாவுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் பணம் தேவைப்படுவது நிற்கவில்லை. தோட்டத்து வங்கி வரவில்லை. நகரத்து அடகுக்கடை வந்தது. பின்னர் நுண்கடன் நிறுவனங்களின் முகவர்கள் லயத்து வாசலுக்கே வந்தனர். கடன் கொடுப்பவர் மாறினார். கடன் அப்படியே இருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தம் ஆள்களில் யார் எந்த ஊர், எந்த ஆண்டு வந்தவர், யாருக்குப் பிறந்தவர் என்பதை நினைவிலும் பேரேட்டிலும் வைத்திருந்தவர் கங்காணியே. கடனைக் கணக்கிடவே அவர் அதை வைத்திருந்தார், அன்பினால் அல்ல. ஆயினும் ஒரு சமூகத்தின் பதிவேடு அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவருக்கு ஏழு ஆண்டும் மணமாகாதவருக்குப் பத்து ஆண்டும் இடையறாத வசிப்புக்குச் சான்று கேட்டது. ஊருக்குப் போய்வந்த சில மாதங்களே குற்றமாயின. காகிதம் இல்லாத மக்களிடம் காகிதம் கேட்கப்பட்டது. விண்ணப்பங்களில் அடங்கியோர் சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர். குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நிலை சட்டப்படி தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிற்காலத்தில் தோட்டங்களும் இதே வழியில் தம் சேவைகளைச் சுருக்கின. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியார் நிறுவனங்களிடம் சென்றது. நிலம் அரசுக்கு, குத்தகை நிறுவனத்துக்கு, வீடமைப்புக்கு வேறொரு நிதியம் என்று பொறுப்பு பல துண்டுகளாயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணியாற்றுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டதே 2018இல்தான்.

இந்தத் துண்டாடலின் விலை என்ன என்பதை ஹல்துமுல்லைப் பிரதேசம் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் அறிந்தது. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை சொல்வது ஒருவர் பொறுப்பு. நிலம் கொடுப்பது இன்னொருவர் பொறுப்பு. வீடு கட்டுவது வேறொருவர் பொறுப்பு. மக்களை அங்கிருந்து அகற்றிக் குடியமர்த்துவது மட்டும் யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். முதல் நாள்களில் புதைந்தோர் எண்ணிக்கை நூறு என்றும் இருநூறு என்றும் அதற்கு மேல் என்றும் மாறி மாறிச் செய்தியாக வந்தது. பிரட்டுக்களத்தில் நாள்தோறும் பேர் எழுதப்பட்ட ஒரு சமூகத்தில், மண்ணுக்கடியில் கிடப்போர் எத்தனை பேர் என்று உடனே சொல்ல எவராலும் இயலவில்லை. உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கவைக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே புதிய வீடுகளைப் பெற்றனர்.

எஞ்சிய ஒன்று

இன்றும் தோட்டங்களில் கங்காணி என்ற சொல் வழங்குகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களின் நிரையை மேற்பார்வை செய்பவர், கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு மலை பிரித்துக் கொடுப்பவர் கங்காணி எனப்படுகிறார். மற்றவர்களைப் போலவே அவரும் தோட்டத்தில் சம்பளம் வாங்கும் தொழிலாளி. எட்டில் ஆறாவது தொழிலான வேலை வாங்குதல் மட்டும் அவரிடம் தங்கியிருக்கிறது.

அந்த ஏழு தொழில்களும் மீண்டும் ஒருவர் கையில் சேரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அடுத்த சுருக்கம் இப்போது தோட்டங்களில் பேசப்படுகிறது. 2021இல் ஊதியச் சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆக்கப்பட்டபின், தோட்ட நிறுவனங்கள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. நாட்சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை மட்டும் விலைக்கு வாங்கும் முறையை அவை முன்வைக்கின்றன. தொழிலாளி தற்சார்புள்ள சிறு உற்பத்தியாளர் ஆகலாம் என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் நிலத்துக்கு உறுதி யார் பெயரில்? பிள்ளை மடுவத்தை யார் நடத்துவது? சேமலாப நிதியை யார் கட்டுவது? மலை வெடித்தால் யாரிடம் சொல்வது? இக்கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெற்ற பின்னரே கையொப்பம் வைக்கவேண்டும். கங்காணியின் நூறாண்டு வரலாறு தொழிலாளருக்குக் கற்றுத்தரும் பாடம் இதுதான்.

இறுதியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையகத்திலும், தமிழகத்திலே நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் குடியேறிய தாயகம் திரும்பியோர் இல்லங்களிலும், கடல் கடந்து வாழும் குடும்பங்களிலும் பழைய தகரப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் ஒரு துண்டு, ஒரு பற்றுச்சீட்டு, தோட்ட இலக்கம் பொறித்த ஒரு தகர வில்லை, பாட்டனார் கைப்பட எழுதிய கங்காணிக் கணக்குப் பேரேடு ஏதேனும் கிடைத்தால், பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். யாரை எங்கிருந்து அழைத்துவந்தோம் என்று கங்காணி கடனுக்காக எழுதி வைத்தார். இன்று அதே ஏடுதான் ஒரு குடும்பம் தன் ஊரின் பெயரை அறிந்துகொள்வதற்குரிய ஒரே சான்றாக இருக்கக்கூடும்.